பாதாள சாக்கடையையும் பார்த்துவிட்டு வாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியத் தலைநகரங்களில் புகழ்பெற்ற திரைப்படங்கள் எடுக்கப்பட்ட இடங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். வியன்னாவைப் பற்றிய பத்தி, பிராட்டர் பூங்காவில் உள்ள ராட்சத ராட்டினத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சொல்வதோடு முடிந்துவிட்டது. அந்த ராட்டினம் இடம்பெறும் 'தி தேர்ட் மேன்' படத்தை மனத்தில் வைத்து அந்நகருக்குச் செல்பவர்கள் ராட்டினத்தோடு திரும்பிவிட்டால், படத்தையும் பார்த்தவர்கள் ஆகமாட்டார்கள், நகரத்தையும் பார்த்தவர்கள் ஆகமாட்டார்கள் என்பது என் கருத்து.

கரோல் ரீட் இயக்கி 1949-இல் வெளிவந்த அப்படத்தின் வெளிப்புறக் காட்சிகள் 1948-இல் வியன்னாவிலேயே எடுக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகளும் அந்நகரைப் பங்கு பிரித்து ஆண்ட காலம் அது. 1955 வரை அந்நிலை நீடித்தது. திரையில் நாம் காணும் இடிபாடுகள் கலை இயக்குநர் போட்ட செட் அல்ல, உண்மையாகவே குண்டுவீச்சில் நொறுங்கிய கட்டடங்கள். இன்று அவற்றின் சுவடே இல்லாதபடி நகரைச் செப்பனிட்டுவிட்டார்கள். கட்டுரையாளர் குறிப்பிட்ட ராட்டினமும் போரில் எரிந்ததுதான். 1897-இல் அமைக்கப்பட்டபோது அதில் இருந்த 30 பெட்டிகளுக்குப் பதிலாக, சீரமைத்தபோது 15 பெட்டிகளை மட்டுமே திரும்ப மாட்டினார்கள். இதை அறிந்து பார்ப்பவருக்கு, பெட்டிகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் தனியே கண்ணில் படும்.

இருப்பினும் அப்படத்தின் உயிர்நாடி தரைக்கு மேலே இல்லை. பெனிசிலின் மருந்தைத் திருடி, கலப்படம் செய்து விற்கும் ஹாரி லைம், நான்கு நாட்டுக் காவலர்களின் கண்ணிலும் படாமல் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குச் செல்வதே பாதாள சாக்கடை வழியாகத்தான். (கதையைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம், படம் வந்து 75 ஆண்டுகள் கடந்துவிட்டன.) அந்தச் சாக்கடையின் ஒரு பகுதியை, அதைப் பராமரிக்கும் மாநகராட்சித் துறையே பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறது. கார்ல்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தின் அருகே சிறிய பூங்காவில் தரையைத் திறந்து, விளக்கு பொருத்திய தலைக்கவசம் கொடுத்து, சுழல் படிக்கட்டில் கீழே அழைத்துச் செல்கிறார்கள். நாற்றம் இருக்கிறது, ஆனால் நாம் பயந்த அளவுக்கு இல்லை. இருட்டுச் சுவரின் மீது படத்தின் துரத்தல் காட்சியை ஒளியூட்டிக் காட்டுவதோடு, 1830-களில் காலரா பரவியதை அடுத்தே இக்கால்வாய்கள் விரிவாகக் கட்டப்பட்டன என்ற வரலாற்றையும் விளக்குகிறார்கள். ஒரு மாநகராட்சி தன் சாக்கடையைச் சொல்லிப் பெருமைப்படுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மற்ற இடங்களில் பெரும்பாலானவை நடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளன. ஹாரி லைமாக நடித்த ஆர்சன் வெல்ஸின் முகத்தில் சட்டென்று வெளிச்சம் விழும் அந்த வாசற்படி, ஷ்ரைஃபோகல் தெருவில் 8-ஆம் எண் வீட்டினுடையது. அங்கிருந்து ஓடும் அவர் மறைந்துபோகும் ஆம் ஹோஃப் சதுக்கமோ வேறொரு பக்கம் இருக்கிறது. படத்தொகுப்பின் சாமர்த்தியம் நடந்து பார்த்தால்தான் புரியும். இறுதிக் காட்சி எடுக்கப்பட்ட மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்கு 71-ஆம் எண் டிராம் செல்கிறது. கதையை எழுதிய கிரஹாம் கிரீன் விரும்பிய இனிய முடிவை ஏற்காமல், நாயகி திரும்பியும் பாராமல் நடந்து போவதையே வைக்க வேண்டும் என்று ரீட் பிடிவாதம் பிடித்த காட்சி அது. ரீட் செய்ததே சரி என்று கிரீனும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

நம்மூர்க் குழுச் சுற்றுலாக்களில் வியன்னாவுக்கு ஒரே ஒரு பகல்தான் ஒதுக்குகிறார்கள். அதுவும் அரண்மனையிலும் கடைத்தெருவிலும் கழிந்துவிடுகிறது. அவ்வாறின்றித் தாமாகப் பயணத் திட்டம் வகுப்பவர்கள், முந்தைய மாலையே பர்க் கினோ திரையரங்கில் இப்படத்தைப் பார்த்துவிடுவது நல்லது. பல ஆண்டுகளாக அங்கே அதைத் தொடர்ந்து திரையிட்டு வருகிறார்கள். பாதாள சாக்கடைச் சுற்று குளிர்காலத்தில் நடைபெறுவதில்லை என்றாலும், நம் மாணவர்களின் மே மாத விடுமுறைக்கு அது ஒத்துவரும். முன்பதிவு செய்துகொண்டு, வழுக்காத மூடிய காலணியுடன் செல்ல வேண்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் அந்தச் சுழல் படிக்கட்டில் இறங்குவதைத் தவிர்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.