சூரியநெல்லி ஜீப்காரர்களுக்கு: யூ போல்ட்டில் ஒரு கோடு போடுங்கள்

கேரளத்துச் சூரியநெல்லியில் ஜீப் வைத்திருக்கும் முதலாளிமார்களுக்கும், அதை ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

கொழுக்குமலை எங்கள் தேனி மாவட்டத்துக்குள் இருந்தாலும் அங்கே சக்கரம் ஏறுவது உங்கள் ஊர் வழியாகத்தான். குரங்கணிப் பக்கம் இருப்பது நடைபாதை. ஆகவே விடியலைப் பார்க்க வருகிற அத்தனை பேரும் சுமார் 12 கி.மீ. கல்லும் குழியுமான பாதைக்கு உங்களை நம்பித்தான் ஏறுகிறார்கள். உங்கள் ஓட்டுத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பாதையில் ஸ்டீயரிங் பிடிப்பவனுக்குப் புத்தி சொல்ல நான் யார்? போடியில் பட்டை வேலை, அதாவது வண்டியைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் வேலை, பார்க்கிறவன் என்ற முறையில், வண்டிக்கு அடியில் இருக்கும் நட்டுகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மஹிந்திரா கமாண்டரோ மேஜரோ, நாலு பக்கமும் பட்டை உள்ள வண்டி என்றால் ஒரு பட்டைக்கு இரண்டு யூ போல்ட், அதாவது ‘U’ போல வளைந்து இரு முனையிலும் நட் ஏறும் போல்ட். மொத்தம் 8 போல்ட், 16 நட். அடுக்கிக் கட்டிய பட்டைகளையும் ஆக்ஸிலையும் சேர்த்துப் பிடித்திருப்பது இவ்வளவுதான். நடுவில் இருக்கும் சென்டர் போல்ட்டுக்குப் பட்டைகளை வரிசையில் நிறுத்துவதும் ஆக்ஸிலுக்கு இடம் காட்டுவதும்தான் வேலை. பாரம் தாங்குவதற்காக அதைப் போடவில்லை. யூ போல்ட் தளர்ந்தால் ஆக்ஸில் முன்னும் பின்னும் நகரப் பார்க்கும், அந்த இழுப்பு முழுக்கச் சென்டர் போல்ட்டின் கழுத்துக்கு வரும். அது அறுந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் பின்வாங்கிவிடும். அறுகாவிட்டால் மெயின் பட்டை அந்த ஓட்டையிலேயே முறியும். பட்டறைக்கு வரும் மலை வண்டிகளில் நடுவில் உடைந்த பட்டையைப் பார்த்தால் நான் பட்டையைத் திட்டுவதில்லை, முதலில் யூ போல்ட்டைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

நன்றாக முறுக்கிய நட் ஏன் தளர்கிறது? மேலும் கீழும் குதிப்பதால் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் உண்மைக் காரணம் வேறு என்று 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் சோதித்துக் காட்டினார். பிடித்து வைத்த இரண்டு இரும்பும் பக்கவாட்டில் மயிரிழை வழுக்கினால் போதும், மரையின் பிடி அந்த நொடி விட்டுப்போகும், நட் தானாகத் திரும்பும். உங்கள் பாதையில் நடப்பது அதேதான். ஒரு சக்கரம் கல்மேல், எதிர்மூலைச் சக்கரம் குழியில், லோ கியரில் ஆக்ஸிலை முறுக்கும் விசை, இறக்கத்தில் எஞ்சின் பிடித்து இழுக்கும் இழுப்பு. தார் ரோட்டில் மாதக்கணக்கில் அசையாத நட் இங்கே சில நடைகளிலேயே அசையலாம். ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறோமே என்பீர்கள். இந்தப் பக்கவாட்டு அசைவுக்கு அது நிற்காது. இதைச் சொன்னால் என் பட்டறையிலேயே பாதிப்பேர் ஒத்துக்கொள்வதில்லை, அது வேறு கதை.

எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) காட்டி வந்த வண்டி என்ற தைரியமும் வேண்டாம். 8 வருடம் தாண்டிய வண்டிக்கு வருடத்துக்கு ஒருமுறைதான் எஃப்.சி. ஒரு வாரத்தில் தளரும் நட்டை அது எப்படிப் பிடிக்கும்?

பார்க்க வேண்டிய நேரத்தை முதலில் மாற்றுங்கள். விடியற்காலை 4 மணிக்குப் பனியில், ஆட்கள் காத்து நிற்கும்போது, டார்ச் அடித்து அடியில் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் வண்டி திரும்பியதும் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சேற்றைக் கழுவிவிட்டுப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

கண்ணுக்குத் தெரிவது நிறைய இருக்கிறது. நட்டின் அடியில் செம்மண் போலக் காய்ந்த துருப்பொடி வழிந்திருந்தால் அங்கே இரும்பும் இரும்பும் உரசுகிறது. பட்டைக்கும், யூ போல்ட் நட்டுகள் உட்காரும் பிளேட்டுக்கும் நடுவில் புதுசாய் மினுங்கும் கோடு தெரிந்தாலும் அதே அர்த்தம். டேப் எடுத்து, பட்டையின் ஆடாத முனையைப் பிடித்திருக்கும் முளையிலிருந்து (பின்) ஆக்ஸில் நடு வரை இடமும் வலமும் அளந்து பாருங்கள். முன்பு ஒன்றாக இருந்த அளவு இப்போது வித்தியாசப்பட்டால் சென்டர் போல்ட் போயிருக்கலாம், அந்த வண்டியைக் கிளப்பவே வேண்டாம். ஓட்டும்போதும் வண்டி சொல்லும். ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது அடியில் ‘டொக்’ என்று ஒரு தட்டு, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பு, நேர்ரோட்டில் ஸ்டீயரிங் கோணலாக நிற்பது. சுத்தியலால் நட்டைத் தட்டிப் பார்க்கும் பழைய வழக்கமும் நல்லதுதான், இறுகியது கணீரென்று சொல்லும், தளர்ந்தது மந்தமாகக் கேட்கும். ஆனால் பாதி தளர்ந்ததை அது காட்டிக்கொடுக்காது.

அதற்குத்தான் கோடு. சரியாக முறுக்கிய பிறகு போல்ட் முனையிலிருந்து நட் வழியாகப் பிளேட் வரை மஞ்சள் பெயிண்டில் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். நெயில் பாலிஷ்கூடப் போதும். நட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு முறிந்து நிற்கும், ஸ்பேனர் எடுக்காமலே தெரியும். பெயிண்ட் தீர்ந்துபோகும் என்று கவலைப்பட்டால் முன் ஆக்ஸிலின் 8 நட்டிலிருந்து தொடங்குங்கள், பிறகு பட்டையின் ஆடும் முனையை வண்டிச் சட்டத்தோடு (சேஸிஸ்) இணைக்கும் முன் ஷாக்கிள், ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட். ஸ்டீயரிங் பாக்ஸை சேஸிஸில் பிடிக்கும் போல்ட் பட்டை வேலையில் சேராது, ஆனாலும் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முறுக்குவதில்தான் நம் ஆட்களின் கைவரிசை. ஸ்பேனரில் இரண்டடிப் பைப்பை மாட்டி மேலே ஏறி நிற்கிறோம். போல்ட் ஓர் அளவு வரை நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்ப்பதால்தான் பிடிக்கிறது. அந்த அளவைத் தாண்டி இழுத்தால் திரும்பாது. நட் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுக்கம் மட்டும் ஏறாது. அப்படிப்பட்டதைக் கழற்றி எறியுங்கள். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை வைத்து, வண்டியின் மேனுவலில் உள்ள அளவுக்கு, நாலு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மேனுவலில் சொல்லாதபோது மரையில் எண்ணெய் பூசாதீர்கள். அதே டார்க்குக்குப் போல்ட் அதிகமாக இழுபடும். ரப்பர் புஷ் உள்ள ஷாக்கிளை, வண்டி பாரத்தோடு தரையில் நிற்கும்போதுதான் கடைசி டைட் வைக்க வேண்டும். தூக்கி வைத்து முறுக்கினால் வண்டியை இறக்கும்போது புஷ் முறுகிச் சீக்கிரம் கிழியும். புதுப் பட்டை போட்டால் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி டைட் பாருங்கள், பெயிண்டும் பிசிறும் அமுங்கி இடம் விட்டிருக்கும்.

இனி, குழுவாக நீங்கள் செய்ய வேண்டியது. டார்க் ரெஞ்சை ஆளுக்கொன்று வாங்க முடியாது. பொதுவில் ஒன்று போதும், ஒரு நோட்டும் போதும். எந்த வண்டியில் எந்தக் கோடு அசைந்தது, யார் பார்த்தது என்று சாயங்காலம் எழுதிவையுங்கள். கோடு அசைந்த வண்டி சரி செய்யும்வரை ஏறக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பேசாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வீண். பெரும்பாலும் வண்டி ஒருவருடையது, ஓட்டுவது இன்னொருவர். கோடு அசைந்ததைச் சொன்னால் மறுநாள் நடை போகும், கூலி போகும், முதலாளி முகம் சுளிப்பார். அப்போது தம்பி என்ன செய்வான்? ராத்திரியில் அதன்மேல் புதுசாய் ஒரு கோடு இழுத்துவிடுவான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே முதலாளிமார்களே, சொன்னவனின் முறை போகக் கூடாது. வண்டி சரியானதும் அவன் விட்ட இடத்திலிருந்தே வரிசையில் சேரட்டும், அன்றைய கூலியில் ஒரு பங்காவது பொதுப்பணத்திலிருந்து கொடுங்கள். ஒரு பட்டைக் கட்டு உடைந்தால் வரும் செலவோடு ஒப்பிட்டால் அது டீக்காசு.

ஒரே நட்டில் இரண்டாவது முறையும் கோடு அசைந்தால் மறுபடி முறுக்கிவிட்டு விடாதீர்கள். அந்த யூ போல்ட்டையே நட்டோடு மாற்றிவிட்டு, பிளேட் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜூனில் மழை பிடித்துவிட்டால் அடிப்பக்கம் முழுக்கச் சேறு அப்பும், ஈரத்தில் பெயிண்டும் ஒட்டாது. அதற்குள் கழுவிக் காயவைத்து முதல் கோட்டைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
போடியிலிருந்து ஒரு பட்டை மெக்கானிக்