வெள்ளை விளக்கைப் பார்த்து யாரும் கப்பலைத் திருப்ப மாட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் விபத்தில் உயிர் தப்புவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடிநீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது, குளிரைத் தாங்குவது பற்றியெல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரு வரிதான் உறுத்தியது. இரவில் கையில் இருக்கும் டார்ச்சை விடாமல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். இருபது வருடத்துக்கு மேல் கப்பலில் இரவு வாட்ச் (கடலைக் கண்காணிக்கும் முறைப்பணி) பார்த்தவன் நான். அந்த வெளிச்சம் எதிர்ப்பக்கத்தில் எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரவில் கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜை இருட்டாக வைத்துக்கொண்டுதான் நிற்போம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணுக்கு அடிவானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், மீன்பிடிப் படகு என்றுதான் முதலில் தோன்றும். தெரிந்து மறைந்து மறுபடி தெரிந்தால், அலையில் ஆடும் மீன்பிடிப் படகு. ரேடாரில் எதுவும் விழவில்லையா, சின்ன மரப்படகாக இருக்கும். விலகிப் போகத்தான் பார்ப்போமே தவிர, கிட்டே போகத் தோன்றாது. ஆக, டார்ச்சை விடாமல் காட்டுகிறவர் "இங்கே ஒரு படகு இருக்கிறது, இடித்துவிடாதே" என்றுதான் எங்களிடம் சொல்கிறார்.

1912-இல் மூழ்கிக்கொண்டிருந்த டைட்டானிக்கிலிருந்து உதவி கேட்டு விட்ட வெள்ளை ராக்கெட்டுகளை, அந்தப் பக்கம் நின்றிருந்த கலிஃபோர்னியன் கப்பலில் வாட்ச்சில் இருந்தவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். கேப்டனிடமும் சொன்னார்கள். அந்தக் காலத்தில் கப்பல் கம்பெனிகள் தங்களுக்குள் அடையாளம் காட்டவும் ராக்கெட் விட்டதால், ஆபத்தா, வெறும் அடையாளமா என்ற கேள்வியிலேயே நேரம் போய்விட்டது. மோர்ஸ் விளக்கை (விட்டுவிட்டு ஒளிரவைத்துச் செய்தி சொல்லும் விளக்கு) அடித்துப் பார்த்தார்களே தவிர, தூங்கிக்கொண்டிருந்த வயர்லெஸ்காரரை விடியும்வரை எழுப்பவில்லை. வெளிச்சம் தெரியாமல் இல்லை, அதன் அர்த்தம்தான் போய்ச் சேரவில்லை.

இன்று அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. 1972-ஆம் வருடத்துக் கடல் மோதல் தடுப்பு விதிகளின் அபாய அறிவிப்புப் பட்டியலில் சிவப்பு ராக்கெட், சிவப்புக் கைச்சுடர் (கையில் பிடித்து எரிக்கும் தீப்பந்தம் போன்ற குழல்), மோர்ஸில் எஸ்.ஓ.எஸ். எல்லாம் இருக்கின்றன. பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் போய், குறைந்தது 40 விநாடி எரிந்தபடி இறங்கும். 40 விநாடிதான்! அந்த நேரத்தில் வாட்ச்சில் இருப்பவர் வரைபடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் போச்சு. கப்பலின் விளக்கு கண்ணில் பட்ட பிறகோ விமானச் சத்தம் கேட்ட பிறகோதான் அதை விட வேண்டும். உடனே இன்னொன்றும் விட வேண்டும். முதலாவது கடைக்கண்ணில் பட்டுத் திரும்ப வைக்கும், இரண்டாவதில்தான் திசையைக் குறிப்போம்.

கைச்சுடரை முதல்முறை பயிற்சியில் பிடித்தபோது நான் செய்த தவறு, அதையே பார்த்தது. 15,000 கேண்டலா (ஒளியின் அளவு; ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய ஒரு கேண்டலா) வெளிச்சம், ஒரு நிமிடம். அது அணைந்த பிறகு பக்கத்தில் நின்றவரின் முகம்கூட வெகுநேரம் தெரியவில்லை. நுனியிலிருந்து உருகிய கசடு சொட்டுச் சொட்டாக விழும். ஒரு சொட்டு என் கையுறையைப் பொத்துவிட்டது. காற்றடங்கிய பக்கமாக, படகுக்கு வெளியே கையை நன்றாக நீட்டிப் பிடிக்க வேண்டும். ரப்பர் மிதவைப் படகில் அந்தச் சொட்டு எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

டார்ச் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால்? மூன்று குறில் (சின்ன ஒளிர்வு), மூன்று நெடில் (நீண்ட ஒளிர்வு), மூன்று குறில். அதுதான் எஸ்.ஓ.எஸ். (அதற்கு விரிவு எதுவும் கிடையாது. அடிக்க எளிது, வேறு எதனோடும் குழம்பாது என்பதால் 1906 பெர்லின் மாநாட்டில் ஏற்றுக்கொண்ட குறி.) அவசரப்பட்டு அடித்தால் பலிக்காது. அலைப் பள்ளத்தில் இருக்கும்போது நடுவில் இரண்டு நெடிலை அலை விழுங்கிவிடும். பார்ப்பவருக்கு மறுபடி ஆடும் படகுதான். முகட்டுக்கு ஏறும்போது தொடங்கி, நிதானமாக, கப்பலை நோக்கி, திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். மற்ற நேரத்தில் அணைத்து வைக்கலாம், பேட்டரி மிஞ்சும். பகலில் டார்ச்சைவிட, வெயிலைத் திருப்பிக் காட்ட ஒரு துண்டு முகக்கண்ணாடி எவ்வளவோ மேல்.

விடாமல் எரிய வேண்டிய விளக்கும் ஒன்று உண்டு, உயிர்காப்பு அங்கியில் இருப்பது. முக்கால் கேண்டலாதான், ஆனால் எட்டு மணி நேரம் எரியும். தூரத்துக் கப்பலைக் கூப்பிட அது உதவாது. தேடி வந்துவிட்ட படகுக்கு, இருட்டில் தலை எங்கே மிதக்கிறது என்று காட்டத்தான் அது.

அடுத்த இதழில் திருத்தம் போடுவதானால் நீளமாக எழுத வேண்டியதில்லை. அந்த வரியில் உள்ள 'விடாமல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'கப்பல் தெரிந்ததும்' என்று சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்