அந்த ஏழு கோல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்கள் கால்பந்து அணிக்குப் பெண் பயிற்சியாளர் சரிப்படுமா என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹாங்காங்கின் பெண் பயிற்சியாளர் சான் யூயென்-டிங் பற்றி அதில் ஒரே வரிதான்: ஆசிய கிளப் அணிகள் மோதும் ஆசிய சாம்பியன்ஸ் லீகில் அவருடைய ஈஸ்டர்ன் அணி 7-0 என்று தோற்றது. சரி, தோற்றது உண்மை. 2017 பிப்ரவரியில், சீனாவின் குவாங்சோ எவர்கிராண்டே அணியிடம். ஆனால் அந்த மைதானம் வரைக்கும் அவர் எப்படி வந்தார்? 2015-16 சீசனின் நடுவில் பொறுப்பேற்று, அதே சீசனில் ஹாங்காங் பிரீமியர் லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அப்போது வயது 27. ஆண்களின் முதல்நிலை லீகில் அணியைச் சாம்பியனாக்கிய முதல் பெண் என்று கின்னஸ் பதிவும் உண்டு. கட்டுரையாளர் கண்ணில் இது படவில்லை.

அப்புறம், அன்று எதிரணிக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? பிரேசிலின் ஸ்கொலாரி. 2002-இல் உலகக் கோப்பை வென்றவர். அதே ஸ்கொலாரியின் பிரேசில்தான் 2014 அரையிறுதியில், சொந்த மண்ணில், ஜெர்மனியிடம் ஏழு கோல் வாங்கியது. அதில் ஐந்து, அரை மணி நேரம் ஆவதற்குள்! ஸ்கொலாரியைத் திட்டித் தீர்த்தார்கள். ஆண்களுக்கு இந்த வேலை சரிப்படாது என்று ஒருவரும் எழுதவில்லை.

பெண் பயிற்சியாளரை டிரஸ்ஸிங் ரூமில் வீரர்கள் மதிக்க மாட்டார்களாம். பிரான்சின் இரண்டாம் நிலை லீகில் கொரின் தியாக்ர் என்ற பெண், கிளெர்மோன் அணியை 2014 முதல் மூன்று சீசன் நடத்தினார். அணி ஒருமுறைகூடக் கீழ் லீகுக்கு இறங்கவில்லை. சொல்பேச்சுக் கேட்காத ஆட்களை வைத்துக்கொண்டு இது நடக்கிற காரியமா?

தியாக்ருக்குக் கிடைத்த அவகாசம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இங்கிலாந்தில் 2023 ஜூலையில் ஹன்னா டிங்லியை ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் கிளப் தற்காலிகப் பயிற்சியாளர் ஆக்கியது. அங்கே ஆண்கள் தொழில்முறை அணிக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் என்று ஊரெல்லாம் செய்தி. ஆடியது நட்பு ஆட்டம் மட்டும்தான்; முதல் ஆட்டம் 1-1. இரண்டு வாரத்தில் வேறொருவர் வந்துவிட்டார். அவர் ஆண்தான், சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு வாரத்தை வைத்து டிங்லி தேறுவாரா மாட்டாரா என்று யார் சொல்ல முடியும்?

அடுத்த முறை இதைப் பற்றி எழுதுகிறவரிடம், 7-0 பக்கத்தில் அந்த லீக் பட்டத்தையும் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி