எனக்காக அலைந்தவர்களுக்கு

போன மாதம் என் கணக்கில் 2,000 ரூபாய் ஏறியதாக போனுக்குத் தகவல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் பராமரிப்பு உதவித்தொகை, முதல் மாதப் பணம். நாலைந்து தடவை படித்துவிட்டு மனைவியிடம் நீட்டினேன், அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சரி, அலைஞ்சவங்களுக்கு மொதல்ல சொல்லு" என்றாள். அதனால்தான் இந்த மடல். பெயர் போட்டால் பாதிப் பேர் கோபித்துக்கொள்வீர்கள், போடவில்லை. படித்தால் யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் பண்ருட்டிப் பக்கம் பலா மரம் ஏறுகிறவன், அதாவது ஏறிக்கொண்டிருந்தவன். பலாப்பழத்தை மாங்காய் போல உலுக்கித் தள்ள முடியாது, காம்பில் கயிறு கட்டிக் குழந்தையை இறக்குவது போல இறக்க வேண்டும். 2022 ஆனி மாதம் அப்படி ஒரு பழத்தை இறக்கிவிட்டுத் திரும்பினேன், கால் வைத்த கிளை முறிந்துவிட்டது. பழம் பத்திரமாகத் தரைக்குப் போனது, எனக்குத்தான் தண்டுவடம் போயிற்று. இடுப்புக்குக் கீழே இன்றைக்கு வரை உணர்ச்சி இல்லை.

முதல் நன்றி புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி தம்பிக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும் என்று என் மனைவிக்குச் சொன்னதோடு நிற்காமல், அவளை விட்டே பத்துத் தடவை என்னைப் புரட்டச் சொல்லிப் பார்த்தான். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. மூன்று வருடமாகியும் என் முதுகில் ஒரு புண்கூட இல்லை, தம்பி.

இனி உதவித்தொகைக் கதை. வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வருடம் நான் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. தெரியாமல் இல்லை, வெட்கம். பத்துப் பேருக்குக் கூலி கொடுத்தவன் போய் மனு எழுதிக் கையை நீட்டுவதா என்று ஒரு வீம்பு. அதை உடைத்தது எங்கள் கடைத்தெரு தையல்கார அண்ணன். அவருக்குச் சின்ன வயதிலேயே போலியோ, ஒரு காலை ஊன்றியே நாற்பது வருடமாக மிஷின் மிதிக்கிறார். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, "ரேஷன் அரிசி வாங்குறப்ப வராத வெட்கம் இதுக்கு மட்டும் எங்கேர்ந்துடா வருது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அண்ணே, நீங்கள் அதற்கு மேல் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் காபி குடித்துவிட்டுப் போனீர்கள் பாருங்கள், அதுதான் வேலை செய்தது.

நடுவில் ஒரு புரோக்கர் வந்து, எல்லாம் நானே முடித்துத் தருகிறேன், ஆறாயிரம் ஆகும் என்றார். விண்ணப்பத்துக்குப் பைசா செலவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது, ஆனாலும் ஆறாயிரம் என்றதும் வந்த கோபத்தில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். அந்த வகையில் அவருக்கும் ஒரு நன்றி.

கிளம்பினால் முதல் முட்டுக்கட்டை ஆதார். அதில் இருந்தது எப்போதோ தொலைந்த போன் நம்பர், ஓடிபி வந்தால்தானே மேற்கொண்டு நகர முடியும்? டவுனுக்கு வந்து மாற்றச் சொன்னார்கள், வீல்சேரோடு மாடிப்படி ஏறி. அப்போதுதான் எங்கள் ஊர் தபால்காரர், "அதுக்கு ஏன் அலையிறீங்க" என்று தன் கைக்கருவியோடு வீட்டுக்கே வந்து கட்டிலில் இருந்தபடியே என் கைரேகையை எடுத்து நம்பரை மாற்றிக் கொடுத்தார். அப்போது 50 ரூபாய் கட்டணம், ரசீதும் கொடுத்தார். தபால்காரர் ஆதார் நம்பர் மாற்றுவார் என்பது என்னைப் போலப் பலருக்குத் தெரியாது, அதனால் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

அப்புறம் இ-சேவை மையத்துத் தங்கச்சி. ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் இன்னொரு இனிஷியல், அதைச் சரிசெய்து, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்குப் பதிவு போட்டு, நான் போன் பண்ணும்போதெல்லாம் நிலவரம் பார்த்துச் சொன்னது அந்தப் பெண்தான். ஒரு நாளைக்கு மூன்று தடவை பண்ணியிருப்பேன். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை, சலித்திருந்தாலும் குரலில் காட்டவில்லை.

மருத்துவச் சான்றுக்குக் கடலூர் போன நாளை மறக்க முடியாது. கரும்பு சீசன், நெல்லிக்குப்பத்துக்கு முன்னால் கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் எங்கள் ஆட்டோ ஊர்ந்தது, எனக்கோ மூத்திரம் போக மாட்டியிருக்கும் டியூபின் பை நிரம்பிக்கொண்டே வருகிறது. ஆட்டோக்கார அண்ணன் எதையும் கேட்காமல் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி பீடி பற்றவைத்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் முடித்துக்கொள்ளும் வரை திரும்பவே இல்லை. அன்றைக்குக் காத்திருந்ததற்கும் அவர் காசு வாங்கவில்லை, ஆனால் நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது அந்தப் பீடியைத்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் காலைத் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, குனிந்து என்னிடமே கேள்வி கேட்டார். கூட வந்தவரைப் பார்த்து "இவருக்கு என்ன" என்று கேட்கிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். 80 சதவீதத்துக்கு மேல் என்று எழுதினார். கடும் பாதிப்பு என்ற பிரிவில் இந்தத் தொகை வாங்க 75 வேண்டும், 40 சதவீதம் இருந்தால் மற்ற சில சலுகைகள் உண்டு என்று விளக்கிச் சொன்னதும் அவர்தான்.

வேறு உதவித்தொகை எதுவும் வாங்கவில்லை என்று எங்கள் விஏஓ சார் விசாரித்து எழுதிக் கொடுத்தார். அதுவும் ஒரே நாளில்.

எல்லாம் சேர்ந்து ஆணையும் வந்துவிட்டது, பணம் மட்டும் வரவில்லை. ஒரு இடத்தில் கேட்டால் இன்னொரு இடத்தைக் கைகாட்டினார்கள், அங்கே போனால் திரும்ப இங்கேயே. இரண்டு மாதம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது: 2020இல் பல வங்கிகளை ஒன்றாக்கினார்களே, அதில் என் வங்கியும் ஒன்று, நான் கொடுத்த பாஸ்புக் நகலில் இருந்தது வங்கிக் கிளையின் பழைய ஐஎஃப்எஸ்சி எண், அது இப்போது செல்லாது. வங்கிக்குப் போனால் ஏழு படி, ஓரத்தில் ஒரு சாய்தளம், அதில் வீல்சேர் ஏறாது, சறுக்கு மரம் விளையாடலாம். (ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே நான்கடி இருந்தால் அதிகம்.) நான் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருக்க, கவுன்டரில் இருந்த அம்மா தானே இறங்கி ரோட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கி, உள்ளே போய்ப் புதுப் பாஸ்புக் அடித்துக்கொண்டு மறுபடி இறங்கி வந்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்களாம், இருக்கட்டும். அடுத்த மாதம் பணம் வந்துவிட்டது.

2,000 ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். டியூப், மூத்திரப் பை, கையுறை, பஞ்சு வாங்கினால் முக்கால்வாசி போய்விடும், மாத்திரைக்கு இன்னும் கைக்காசு போட வேண்டும். ஆனால் மூன்று வருடமாக அந்த டியூபுக்கும் சேர்த்து என் மனைவி முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள், தோல் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துவிட்டது. இந்த மாதம் டியூப் வாங்கும்போது அவளிடம் நான் காசு கேட்கவில்லை.

இத்தனை அலைச்சலிலும் ஒரு காகிதம்கூடத் தொலையாமல் மஞ்சப்பையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்ததும் அவள்தான். அவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, இதைப் படித்துக் காட்டப் போகிறேன், அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு: வைகாசி பிறந்ததும் ஆளுக்கு ஒரு பழம் வந்து சேரும். ஏறப் போவது என் மச்சான், எது முற்றியது என்று தட்டச் சொல்லிக் கீழேயிருந்து சத்தத்தைக் கேட்டுச் சொல்லப் போவது நான். தையல்கார அண்ணே, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, அண்ணியிடம் பேசிவிட்டேன், உங்களுக்கு மட்டும் சுளை கிடையாது. பிஞ்சாக இருக்கும்போதே ஒன்று பறித்து அனுப்புகிறேன், பொரியல் செய்து சாப்பிடுங்கள்.