மொரப்பூரில் இறங்குகிறேன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடப்பதால் உட்கார்ந்து பதில் எழுத இன்றுதான் முடிந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். அவர் கேட்கமாட்டார், நீதான் பக்கத்தில் நிற்க வேண்டும். தக்காளியில் பறிப்புக் கூலிகூடத் தேறவில்லை என்று படித்ததும் சங்கடமாக இருந்தது.

அப்புறம், அந்தக் கேள்வி. "எங்கள் தெரு சாக்கடையை அள்ள ஆளில்லை, அங்கே எம்.பி.க்கள் என்னதான் செய்கிறார்கள்?" எம்.பி. ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கிறவனிடம் கேட்டால் என்ன சொல்வான்! சாக்கடை பஞ்சாயத்து வேலையடா. ஆனால் எங்கள் ஆபீசுக்கு வருகிற மனுக்களில் பெரும்பாலானவை அப்படித்தான். பட்டா மாறுதல், தெருவிளக்கு, ரேஷன் கார்டு. எதுவும் நாடாளுமன்றத்தில் முடிகிற காரியம் இல்லை. இருந்தாலும் எங்கள் எம்.பி. எல்லாவற்றுக்கும் லெட்டர் பேடில் எழுதிக் கொடுத்துவிடுவார். "இல்லைன்னு சொல்லி அனுப்ப மனசு வரலைப்பா" என்பார். முன்பு ஒவ்வொரு எம்.பி.யும் வருடத்துக்கு 10 பிள்ளைகளைக் கேந்திரிய வித்யாலயாவுக்குச் சிபாரிசு செய்யலாம். பத்து இடத்துக்கு வாசலில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள், நீயே யோசித்துக்கொள். 2022-ல் அதை நிறுத்தியபோது வெளியில் வருத்தப்பட்டாலும் உள்ளுக்குள் நிம்மதியடைந்தவர்கள்தான் அதிகம்.

எம்.பி.யின் தொகுதி நிதி வருடத்துக்கு ஐந்து கோடி என்றால் ஊரில் வாயைப் பிளக்கிறார்கள். நம் மாநிலத்தில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். உன் எம்.எல்.ஏ.வுக்கு அவருடைய ஒரு தொகுதிக்கே வருடம் மூன்று கோடி. எம்.பி.யின் ஐந்து கோடியை ஆறாகப் பிரித்துப் பார், ஒரு தொகுதிக்கு எண்பது லட்சத்துச் சொச்சம். அதுவும் அவர் கைக்கு வராது. அவர் பரிந்துரைப்பார், வேலையைச் செய்வது மாவட்ட நிர்வாகம். ஒரு நிழற்குடை, ஒரு ஆழ்குழாய்க் கிணறு, அவ்வளவில் தீர்ந்துபோகும்.

அவரால் மட்டுமே முடிகிற வேலை யார் கண்ணிலும் படாது. கேள்வி கேட்பதைச் சொல்கிறேன். பதினைந்து நாளுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் குலுக்கல். அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்கிற நட்சத்திரக் கேள்விகள் நாளுக்கு 20தான். அதிலும் முதல் நாலைந்து வருவதற்குள் மணி பன்னிரண்டு ஆகிவிடும், அதுவும் சபை அமளியில்லாமல் நடந்தால். எழுத்தில் பதில் வருகிற கேள்விகள் 230. டிவியில் வராது, பேப்பரிலும் அநேகமாக வராது. எனக்கு அவைதான் பிடிக்கும். மலைக் கிராமத்துச் சாலைக்கு வனத்துறை அனுமதி எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்டால், தேதி போட்டு ஒரு பதில் வரும். மழுப்பலாக இருந்தாலும் அது அரசாங்கம் கொடுத்த எழுத்து. அடுத்த தடவை அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். கூச்சல் போட்டு வெளிநடப்பு செய்கிற நாளில் ஊரில் பெயர் வரும். இந்தக் காகிதத்துக்கு வராது.

பட்ஜெட் கூட்டத்தொடரில் இன்னொரு கூத்து. எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கையையும், அதாவது செலவுக்குப் பணம் கேட்கிற கோரிக்கையையும், விவாதிக்க நேரம் கிடையாது. விவாதம் நடக்காதவற்றை அதற்கு ஒதுக்கிய கடைசி நாளில் மொத்தமாக ஓட்டுக்கு விட்டு முடித்துவிடுவார்கள். அதற்குத் தலைவெட்டும் எந்திரத்தின் பெயரான 'கில்லட்டின்' என்றே பெயர். ஒரு வருடம் எங்கள் எம்.பி. விவசாயத்தைப் பற்றிப் பேச இரண்டு இரவு உட்கார்ந்து தயாரித்த குறிப்புகள் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கின்றன.

உங்கள் மொரப்பூர் லைனையே எடுத்துக்கொள். வெள்ளைக்காரன் காலத்தில் தர்மபுரிக்கு ஓடிய சின்ன ரயில் 1941-ல் நின்றது. உன் தாத்தா அதில் போன கதையை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! அதற்கப்புறம் எத்தனை எம்.பி.க்கள், எத்தனை கட்சிகள், எத்தனை மனுக்கள். 2016-17 பட்ஜெட்டில்தான் 36 கிலோமீட்டர் அகலப்பாதைக்கு இடம் கிடைத்தது, 2019-ல் அடிக்கல். பணம் மத்திய அரசுடையது, நிலம் எடுத்துக் கொடுப்பது மாநில அரசு. எம்.பி. இரண்டு பக்கமும் அலைய வேண்டும். என்றைக்காவது ரயில் ஓடும்போது அன்று பதவியில் இருப்பவர் கொடியசைப்பார். முப்பது வருடத்துக்கு முன் பூஜ்ய நேரத்தில், அவசரப் பிரச்சினைகளை எழுப்புகிற அந்த நேரத்தில், எழுந்து பேசியவரை யாருக்கு ஞாபகம் இருக்கும்? நான் வருத்தமாகச் சொல்லவில்லை. இந்த வேலையின் கணக்கே அப்படி.

சரி, குறை சொல்ல வேண்டியதும் இருக்கிறது. தொகுதிப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களும், ஐந்து வருடத்தில் வாயே திறக்காதவர்களும் இங்கே உண்டு. உன் கோபம் அவர்கள் மேல் என்றால் நானும் உன் கட்சி. அடுத்த தடவை உங்கள் ஆள் ஊருக்கு வரும்போது சாக்கடையை விட்டுவிட்டு, "ரயில் பாதைக்கு எத்தனை கிராமத்தில் நிலம் எடுத்தாகிவிட்டது, கடைசியாக எப்போது கேட்டீர்கள்?" என்று கேட்டுப் பார். திணறினால் எனக்கு எழுது.

கூட்டத்தொடர் முடிந்ததும் பத்து நாள் லீவு. சென்னையிலிருந்து ரயிலில் மொரப்பூரில் வந்து இறங்குகிறேன். அங்கிருந்து தர்மபுரிக்கு ரயில்தான் இல்லையே, நீ பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடு. தங்கச்சியிடம் களியும் கீரைக் குழம்பும் செய்து வைக்கச் சொல்.

அன்புடன்,
செல்வம்