ஒற்றை எஞ்சினில் கரை சேர்ந்த மாலை

போர்ட் பிளேர்

அன்புள்ள மச்சான்,

2024-இல் இந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கடிதம் எழுத உட்கார்ந்தால் கை பழைய பெயரையே எழுதுகிறது. உன் மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்ததை உன் கடிதத்தில் வாசித்ததும் உன் தங்கச்சி அன்றைக்கே கேசரி கிளறிவிட்டாள்.

புதுப் படகுக்கு, பின்பக்கம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின் இரண்டு போடப்போகிறாய் என்றும், ஒன்று நின்றாலும் மற்றது கரை சேர்த்துவிடும் என்றும் எழுதியிருக்கிறாய். சேர்க்கும்தான். ஆனால் அதை நம் அவசரத்துக்கு இழுத்தால் சேர்க்காது. போன மே மாதக் கடைசியில் பட்டு அறிந்ததால் சொல்கிறேன்.

ஹேவ்லாக் தீவிலிருந்து ஆறு பயணிகளோடு திரும்பிக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்கு இன்னும் 14 கடல் மைல். மழைக்குப் பிறகு இங்கே மரக்கட்டைகள் மிதந்து வரும், பாதி முழுகினால் கண்ணுக்கே தெரியாது. அப்படி ஒன்றில் இடப்பக்க எஞ்சின் மோதியது. படகு உதறியது, எஞ்சின் அலறியது. உடனே இரண்டையும் நிறுத்தி, முதலில் படகுக்குள் தண்ணீர் ஏறுகிறதா என்று அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். இல்லை. புரொபெல்லரில் இரண்டு இதழ்கள் ஒடிந்து தண்டு வளைந்திருந்தது. அந்த எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தினேன். செத்த எஞ்சினைக் கடலில் இழுத்துக்கொண்டே போனால், இருக்கிற ஒன்றுக்கு அதுவும் ஒரு சுமை.

வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆம் சேனலில், அவசர நிலையை அறிவிக்கும் ‘பான்-பான்’ சொல்லி இடம், ஆள் கணக்கு, வந்து சேரும் நேரம் எல்லாம் கொடுத்தேன். ஆபத்து வரட்டும் என்று காத்திருக்காதே, மச்சான். நிலைமை கைக்குள் இருக்கும்போதே சொல்லிவிடு. சேனல் கிடைக்காவிட்டால் கடலோரக் காவல்படையின் தொலைபேசி எண் 1554 இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் என் உதவியாள் பையன் தவறு செய்தான். நேரமாகிறதே என்று வேகத்தை முழுக்கத் தள்ளினான். அணியம், அதாவது படகின் முன்பக்கம், வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் அமிழ்ந்தது, எஞ்சின் நிமிடத்துக்கு 3,400 சுற்றில் முனகிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. புரொபெல்லரின் பிட்ச், அதாவது இதழ்களின் சாய்வு, இரண்டு எஞ்சினும் சேர்ந்து தள்ளும் கணக்கில் அமைந்தது. ஒன்று மட்டும் முழு எடையைத் தள்ளும்போது, நான்காம் கியரில் மலையேறும் வண்டியைப் போல உள்ளுக்குள்ளே வெந்துவிடும். 2,500-க்கு இறக்கினேன். மணிக்கு இருபத்துநான்கு கடல் மைல் வேகத்தில் பறந்த படகு ஆறரை கடல் மைல் வேகத்தில் ஊர்ந்தது. பயணிகளிடம் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும் என்று ஒளிக்காமல் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவர்கள் முகம் தெளிந்தது.

வலது எஞ்சின் மட்டும் தள்ளுவதால் அணியம் இடப்பக்கமே சாய்ந்து போகும். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் கொஞ்சம் பிடித்தே வைத்திருக்க வேண்டும், கை கடுத்துவிடும். காற்றை அணியத்தின் இடப்பக்கத்தில் வாங்கும்படி போக்கைச் சற்றே மாற்றினேன். காற்று அணியத்தை வலப்பக்கம் தள்ள, எஞ்சின் இடப்பக்கம் தள்ள, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டின. கைக்குப் பாதி வேலை குறைந்தது.

படகுத்துறை ஜெட்டியில் படகை அணைக்கிற நேரம்தான் எனக்கு உள்ளூர நடுக்கம். இடப்பக்கத்தை, அதாவது செத்த எஞ்சின் பக்கத்தை ஜெட்டிக்குக் கொடுத்து மெதுவாக நுழைந்தேன். கடைசியில் ரிவர்ஸ் போட்டதும் படகின் பின்பக்கம் தானாகவே இடப்பக்கம் வந்து ஜெட்டியோடு ஒட்டியது. மறுபக்கம் அணைத்திருந்தால் அதே ரிவர்ஸ் பின்பக்கத்தை விலக்கியிருக்கும்.

உன் படகில் இரண்டு எஞ்சினுக்கும் ஒரே பெட்ரோல் தொட்டி வைக்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, அது மட்டும் வேண்டாம். பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் இரண்டும் ஒரே மூச்சில் நிற்கும். தனித்தனித் தொட்டி, தனித்தனி வடிகட்டி, தனித்தனி பேட்டரி போடு. தேவைப்பட்டால் ஒரு தொட்டியிலிருந்து மற்ற எஞ்சினுக்கு எடுக்க நடுவில் ஒரு வால்வு இருக்கட்டும், அதை எப்போதும் மூடியே வை. செலவைப் பார்க்காதே.

தைக்கு ஊருக்கு வருகிறோம். கடல் அடங்கிய காலையாகப் பார்த்து, உன் படகில் ஒரு எஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட்டு நாம் இருவரும் ஒரு சுற்றுப் போய் வருவோம். நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் மற்ற எஞ்சின் முனகத் தொடங்குகிறது என்று பார்த்து, ஸ்டீயரிங் பக்கத்தில் பெயிண்டால் எழுதி வைத்துவிடலாம். அதுவரை தனியாகத் தூரக் கடலுக்குப் போகாதே.

அன்புடன்,
உன் மச்சான்