பிரிட்டனில் வேலை என்று எழுதிய பேனரைக் கழற்றுங்கள்

காவிரிப் படுகை மாவட்டங்களில் கேட்டரிங் படிப்பும் முதியோர் பராமரிப்புப் பயிற்சியும் நடத்தும் கல்வி நிறுவனத்தாருக்கு வணக்கம்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையிலும் கும்பகோணம் பஸ் நிலையத்தைச் சுற்றியும் உங்களில் சிலர் கட்டிய பேனர்கள் இன்னமும் ‘படித்து முடித்ததும் பிரிட்டனில் வேலை’ என்கின்றன. அந்த வழி 2025 ஜூலை 22 அன்றே அடைபட்டுவிட்டது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குப் பிரிட்டன் தரும் திறன் பணியாளர் விசாவுக்குப் பட்டப்படிப்பு நிலை வேலைகள்தான் தகுதி பெறும் என்று அன்று விதி மாறியது. அதற்குக் கீழ் நிலையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்கள் புதிதாகப் போகிறவர்களுக்கு இல்லாமல் போயின. அவற்றில் செஃப் வேலையும் ஒன்று. பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் அதே நாளில் நின்றது. அந்த விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 38,700 பவுண்டிலிருந்து 41,700 ஆனது.

நான் ஒரத்தநாடு பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ் வேலைகளுக்கு நடுவே, வெளிநாட்டு வேலைக் காகிதங்களைப் படித்துச் சொல்லச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு விவசாயி, மகனுக்கு வந்த பணி நியமனக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். அதில் வேலையின் பெயருக்குப் பக்கத்தில் 5434 என்று ஓர் எண். பிரிட்டன் அரசு ஒவ்வொரு தொழிலுக்கும் தந்திருக்கும் நான்கு இலக்கக் குறியீடு அது. 5434 என்றால் செஃப். அரசின் தளத்தைத் திறந்து, ஏற்கெனவே அந்த விசாவில் அங்கே இருப்பவர்களுக்கு மட்டுமே இனி அந்த எண் செல்லும் என்று கணினித் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் நம்பவில்லை. “பட்டம் வேண்டும் என்றுதானே சொல்கிறார்கள்? பையன் மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறானே” என்றார். கல்லூரியிலும் அப்படித்தான் சொன்னார்களாம்.

கல்லூரியிலேயே அப்படிச் சொல்லி அனுப்புவதுதான் என்னால் பொறுக்க முடியாதது. விதி கேட்பது வேலையின் நிலையை. போகிறவர் கையில் இருக்கும் சான்றிதழின் நிலையை அல்ல. பி.எஸ்சி. கேட்டரிங் படித்தவரானாலும் செஃப் வேலைக்குப் போகிறார் என்றால், அந்த வேலை பட்டப்படிப்பு நிலைக்குக் கீழே வைக்கப்பட்டிருப்பதால் விசா கிடைக்காது. செவிலியர் விஷயத்தைப் பாருங்கள். டிப்ளமோ மட்டும் படித்த ஒரு பெண், அந்நாட்டுச் செவிலியர் கவுன்சிலின் தேர்வுகளை எழுதிப் பதிவு பெற்றுவிட்டால், செவிலியர் வேலைக்கு இன்றும் போகலாம். ஏனென்றால் அந்த வேலை பட்டப்படிப்பு நிலையில் இருக்கிறது. பராமரிப்புப் பயிற்சி முடித்த அவளுடைய தங்கைக்கு வழி இல்லை. சேர்க்கைக்கு வரும் பெற்றோரை உட்காரவைத்து இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். உங்களில் எத்தனை பேர் சொல்கிறீர்கள்?

ஏற்கெனவே போனவர்களின் குடும்பங்கள் பயப்பட வேண்டியதில்லை என்பதையும் சொல்லுங்கள். மாற்றத்துக்கு முன்பே அந்த விசாவில் செஃப் வேலையோ பராமரிப்பு வேலையோ பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போதைய விதிப்படி நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல், ‘விசா பறிபோய்விடும், புதுப்பித்துத் தருகிறேன்’ என்று சொல்கிறவனிடம் ஊரில் இருக்கும் அம்மா பணம் கட்டுகிறார்.

வேறு வழிகளையும் மறைக்காமல் பேசலாம். வெல்டிங் போன்ற சில தொழில்கள், பட்டப்படிப்பு நிலைக்குக் கீழே இருந்தாலும், ஆள் பற்றாக்குறைக்காகப் பிரிட்டன் விதிவிலக்காக வைத்திருக்கும் தற்காலிகப் பட்டியலில் 2026 இறுதி வரை இருக்கின்றன. ஆனால் புதிதாக அந்த வழியில் போகிறவர் மனைவி மக்களை அழைத்துப்போக முடியாது. சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்கள் இந்தியச் சமையல்காரர்களை வேலை அனுமதியில் எடுக்கின்றன. 2025 செப்டம்பரில் கனரக வாகன ஓட்டுநர் வேலையும் அந்த வாய்ப்பில் சேர்ந்தது. சிங்கப்பூர் நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய ஊர். உங்கள் மாணவர்களை அந்தப் பக்கம் தயார் செய்யலாமே.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேர்க்கை நடக்கும் ஜூன் மாதம்தான் வழக்கமாக மேட்டூர் அணை திறந்து குறுவைக்கு உழவு ஓட்டுகிற நேரம். விதைக்கும் உரத்துக்கும் வைத்திருந்த பணமும், கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து வாங்கிய கடனும்தான் உங்கள் கட்டணமாக வருகின்றன. அதன் மேல் ‘ஸ்பான்சர் சான்றுக்கு’ என்று ஏஜென்டுகள் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அந்தச் சான்று, வேலைக்கு எடுக்கும் பிரிட்டன் நிறுவனம் விசாவுக்காகத் தருவது; விற்பனைப் பொருள் அல்ல. அதற்கான கட்டணத்தைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்று 2024 டிசம்பர் 31 முதல் பிரிட்டன் விதியே சொல்கிறது. நம் நாட்டிலும், பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இப்படிப்பட்ட ஏஜென்டுகளுக்குக் கல்லூரி வளாகத்திலேயே மேசை போட்டுக் கொடுக்காதீர்கள்.

ஆகவே, வரும் சேர்க்கைக்குள் அந்தப் பேனர்களைக் கழற்றுங்கள். வெளிநாட்டு வேலை என்று விளம்பரத்தில் எழுதுவதானால் எந்த நாடு, எந்தத் தொழில், எந்தக் குறியீட்டு எண், எந்தத் தேதியில் பார்த்த விதி என்பதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். வெளிநாட்டு வேலைக்கென்று மாணவர்களிடம் தனியாக வாங்கிய தொகையை, இப்போது வழியில்லாத வேலைகளுக்காக வாங்கியிருந்தால், திருப்பிக் கொடுங்கள். கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளைகளை வகுப்பில் கூட்டிவைத்து, விதி மாறிவிட்டது என்று கல்லூரி முதல்வரே சொல்லட்டும்; ஏஜென்ட் வாயிலாக அவர்களுக்கு அது தெரியவரக் கூடாது.

விதிகளைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் எந்தக் கல்லூரிக்கும் கட்டணமில்லாமல் அச்சிட்டுத் தருகிறேன். விதி மாறும்போதெல்லாம் திருத்தியும் தருகிறேன். அலுவலக வாசலில், கட்டணம் கட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் ஒருவர்,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.